மைதானத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்



பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கும். கட் ஆஃப் எவ்வளவு, எந்தக் கோட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸா ஏஐயா என்று போகும். இந்த மாதம் வந்த ஒரு கடிதம் அந்த வரிசையில் சேரவில்லை. அதனால் இந்தப் பக்கத்தை முழுக்க அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

எழுதியவர் கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் கொஞ்சம் முந்திரியும் கடலைக் கொல்லையும் வைத்திருக்கும் ஒரு தாய். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். 800 மீட்டர் ஓடுவாள், மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். ஆனால் ஓடுவதைவிட மற்றவர்களை ஓட வைப்பதில்தான் அவளுக்கு ருசி. பள்ளி விளையாட்டு விழா என்றால் முதல் நாளே சுண்ணாம்பு வாளியோடு மைதானத்தில் இறங்கிவிடுவாளாம். ஊர்ப் பொங்கல் விளையாட்டுக்கு உறியடிக் கயிற்றை யார் பிடிப்பது, பரிசுப் பாத்திரம் எங்கே வாங்குவது, மைக் செட்டுக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று எல்லாம் அவள் நோட்டில்தான் இருக்கும். டெக்சாஸில் இருக்கும் தாய்மாமா போனில் சொன்னாராம்: "இங்க இதுக்குன்னே ரிக்ரியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன்னு டிகிரி இருக்கு அக்கா. பார்க்கு, கிரவுண்டு, கேம்ப், திருவிழா எல்லாத்தையும் நடத்தற படிப்பு. நம்ம பக்கம் இருக்கான்னு பாருங்க." மகள் அதையே பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாவோ, "விளையாட்டு நடத்தறதுக்கு ஒரு காலேஜா?" என்று சிரிக்கிறாராம். எந்தக் கல்லூரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஐயா, உங்கள் வட்டத்திலேயே இருக்கிறது தச்சங்குறிச்சி. தமிழ்நாட்டில் வழக்கமாக வருஷத்தின் முதல் வாடிவாசல் திறப்பது அங்கேதான். அந்த ஒரு நாள் கூத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜல்லிக்கட்டு என்பது ஊர்ப் பெரியவர்கள் கூடித் தேதி குறித்தால் நடந்துவிடும் காரியமாக இல்லை. விழாக் குழு மனுக் கொடுக்க வேண்டும், ஆட்சியர் அனுமதி தர வேண்டும். பார்வையாளர் பக்கம் மாடு பாயாதபடி இரட்டைத் தடுப்பு வேண்டும். கேலரி எத்தனை பேரைத் தாங்கும் என்று பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். காளையைக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், மாடுபிடி வீரரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். இரு தரப்பும் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்திருக்க வேண்டும். விழுந்தால் அடிபடாமல் இருக்கக் களத்தில் தேங்காய் நார் பரப்ப வேண்டும். ஓடி முடித்த மாட்டை உரிமையாளர் பிடித்துக்கொள்ளத் தனி இடம் விட வேண்டும். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல் வெளியேற ஒரு வழி வேண்டும். 2023 ஜனவரியில் இந்த ஏற்பாடுகள் போதவில்லை என்று தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டே தள்ளிப்போய், 8ஆம் தேதிதான் நடந்தது நினைவிருக்கும். காளைக்குக் குறைவில்லை, வீரர்களுக்கும் குறைவில்லை. தாளில் எழுதிய ஏற்பாடு தரையில் இல்லாததுதான் குறை. ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடத்தில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமல் எல்லோரும் சந்தோஷமாக வீடு திரும்பும்படி ஒரு நாளை நடத்திக் கொடுப்பது ஒரு தொழில்திறன். உங்கள் மகள் கேட்கும் படிப்பு அதைத்தான் சொல்லித்தருகிறது.

அமெரிக்காவில் இந்தப் படிப்பு எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிற்சாலை நகரங்களில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்று கிளம்பியவர்கள் 1906இல் ஒரு விளையாட்டுத்திடல் சங்கம் தொடங்கினார்கள். திடல் வந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. ஆளுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. பயிற்சி, பட்டமாயிற்று. இன்று அங்கே பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலாப் படிப்புகளுக்கு மட்டும் தரச்சான்று தருவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மாமா ஊரில் கல்லூரி தேடுகிறவர்கள் அந்தச் சான்று உண்டா என்றும் பார்க்கலாம்.

நம் ஊரில் அந்தப் பெயரில் ஒரு பட்டத்தைத் தேடினால் கண்ணில் படுவது கடினம். அதற்காக இங்கே அந்த வேலை இல்லை, படிப்பும் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் படிப்பு இங்கே உடற்கல்வி, விளையாட்டு மேலாண்மை, ஹோட்டல் நிர்வாகம், சுற்றுலா என்று நாலு கட்டடங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைவது என்பதுதான் உங்கள் கேள்வி.

உடற்கல்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதுதான் பழைய கட்டடம், நமக்குச் சொந்தமானதும்கூட. சென்னை நந்தனத்தில், அடையாற்றங்கரையில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை 1920இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் படித்தவர். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தாரே, அதே நிறுவனத்தில்தான். இந்தியாவில் ஆட்டம் தெரிந்தவர்கள் நிறையப் பேர், ஆட்டத்தை முறையாக நடத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு என்று பக் கண்டுகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அவர் செய்த காரியங்கள் அப்படி. விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனார். நாட்டில் ஒலிம்பிக் சங்கங்கள் உருவாவதற்கு ஊர் ஊராக அலைந்தவர்களில் அவரும் ஒருவர். பக் ஓடிப் பதக்கம் வாங்கியவர் அல்ல. ஓடுவதற்கு வழி போட்டுக் கொடுத்தவர். நம் கந்தர்வக்கோட்டைப் பெண்ணின் ரகம்.

அதற்குப் பிறகு வந்த பெரிய திருப்பம், உடற்கல்விக்கென்றே தமிழ்நாடு ஒரு பல்கலைக்கழகம் கண்டது. 2004இல் சட்டம் இயற்றி, 2005இல் இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. மாநிலத்தின் பல உடற்கல்வியியல் கல்லூரிகள் இதன் இணைப்பில்தான் வருகின்றன. விளையாட்டு மேலாண்மையில் மேற்படிப்பும் அங்கே உண்டு. புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கிட்டத்தில் என்றால் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறை உண்டு. தெற்கே திருச்செந்தூரிலும் மேற்கே பெரியநாயக்கன்பாளையத்திலும் பேர்போன கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலம் தாண்டலாம் என்றால் குவாலியரில் 1957இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அப்பா யோசிப்பார். யோசிக்கட்டும், ஆனால் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிற ஒரு இடம் இருக்கிறது. பி.பி.இ.எஸ். வேறு, பி.பி.எட். வேறு. முன்னது பிளஸ் டூ முடித்துச் சேரும் மூன்று வருஷ உடற்கல்விப் பட்டம். பின்னது ஏதாவது ஒரு பட்டம் வாங்கிய பிறகு சேரும் இரண்டு வருஷப் படிப்பு. உயர்நிலைப் பள்ளியில் பி.டி. ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் அங்கீகரித்த பி.பி.எட். கையில் இருக்க வேண்டும். பி.பி.இ.எஸ். மட்டும் போதும் என்று சேர்க்கைக் கவுன்டரில் யாராவது அடித்துச் சொன்னால், அதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் தர மாட்டார்கள். விதிமுறைகளும் அடிக்கடி மாறுகின்றன. நான்கு வருஷ ஒருங்கிணைந்த படிப்புகள் பற்றிய பேச்சு வேறு நடக்கிறது. ஆகவே சேரும் வருஷத்தின் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும், அண்ணன் படித்த காலத்துக் கதையை அல்ல.

பி.டி. ஆசிரியர் வேலை மட்டும்தானா என்றால், இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கு விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் ஒருவர் உண்டு. மைதானம், விளையாட்டு விடுதி, முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள், அதே மாதம் அலங்காநல்லூர் கீழக்கரையில் திறந்த ஜல்லிக்கட்டு அரங்கம் என்று வரிசையாக வந்தனவே, இவை ஒவ்வொன்றிலும் டிக்கெட்டிலிருந்து கழிப்பறை வரை யாரோ ஒருவர் திட்டம் போட்டிருக்கிறார். 2024இல் மாநிலம் முழுக்க 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். கிரிக்கெட் மட்டை, வாலிபால் என்று வந்து இறங்கியது நல்லதே. ஆனால் அந்தப் பையை எடுத்து, சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி, ஆட வைத்து, திரும்பப் பூட்டி வைக்க ஊராட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே? அந்தச் சம்பள ஆள் நம்மிடம் இன்னும் இல்லை. என் கட்சி, அந்தப் பதவி வந்தே தீர வேண்டும் என்பது. உங்கள் மாவட்டத்தில் சிங்கப்பூருக்குச் சம்பாதிக்கப் போன ஆள் இல்லாத தெரு குறைவு, அவர்களைக் கேளுங்கள். அங்கே 1960இல் தொடங்கிய மக்கள் கழகம் பேட்டைக்குப் பேட்டை சமூக மன்றம் வைத்து, சமையல் வகுப்பிலிருந்து பூப்பந்து வரை நடத்த முழுநேர ஊழியர்களை அமர்த்தியிருக்கிறது.

ஹோட்டல் நிர்வாகம் அடுத்த கட்டடம். திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் மாநில அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, உங்களுக்கு எட்டும் தூரம். தேசிய அளவில் நடக்கும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ரிசார்ட், சொகுசுக் கப்பல், கல்யாண மண்டபம், மாநாடு என்று வேலை பரந்தது, சீக்கிரம் சம்பளமும் வரும். ஆனால் ஊரார் எல்லோரும் பண்டிகை கொண்டாடும் நாளில்தான் உங்களுக்கு வேலை அதிகம். அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். சுற்றுலாப் படிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், வரலாற்றில் ருசி உள்ளவர்களுக்கு அது நன்றாக அமையும். சித்தன்னவாசலும் திருமயமும் குடுமியான்மலையும் உள்ள மாவட்டத்தில் பிறந்துவிட்டு ஊட்டியை மட்டும் சுற்றுலா என்று நினைப்பது அநியாயம். இருந்தாலும் கடிதத்தில் நான் பார்த்த பெண் சுண்ணாம்பு வாளிக்காரி. அவளுக்கு முதல் கட்டடம்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, எந்தக் கல்லூரி? பெயரை வைத்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மாறாக ஒரு வேலை சொல்கிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன் தாயும் மகளுமாக ஒரு வேலைநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தக் கல்லூரி மைதானத்துக்குப் போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். அந்த நேரத்தில் மைதானம் காலியாக இருந்தால் வேறு எதையும் விசாரிக்கத் தேவையில்லை. விளம்பரப் புத்தகத்தில் நீச்சல் குளம் நீல நிறத்தில் மின்னும். ஒரு கல்லூரியில் நேரில் போய்ப் பார்த்தபோது அதில் தண்ணீருக்குப் பதில் பழைய டெஸ்க்குகள் கிடந்தன. பெயர் வேண்டாம்.

மைதானத்தில் ஆள் இருந்தால் யார் கோடு போடுகிறார்கள் என்று பாருங்கள். காவலாளியோ கான்ட்ராக்ட் ஆளோ போட்டால் ஒரு மாதிரி, மாணவர்களே டேப் பிடித்துப் போட்டால் வேறு மாதிரி. 400 மீட்டர் தடத்தில் ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். ஒரு சுற்று ஓட்டத்தில் இரண்டாவது பாதைக்காரர் முதல் பாதைக்காரரைவிட 7.04 மீட்டர் முன்னால் நின்று கிளம்புவார். ஏன் அந்தக் கணக்கு என்று ஒரு மூன்றாம் வருஷ மாணவியிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள். தரையில் கோலைப் பிடித்துக்கொண்டு அவள் விளக்கினால் அங்கே படிப்பு நடக்கிறது. "அதெல்லாம் சார் பார்த்துப்பார்" என்றால் சார் மட்டும்தான் படித்திருக்கிறார். பெண்கள் கபடிக்கு 12க்கு 8 மீட்டர் ஆடுகளம், ஆண்களுக்கு 13க்கு 10. அந்தக் கல்லூரியில் இரண்டும் இருக்கிறதா, பெண்கள் களத்தில் புல் முளைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். புல் முளைத்திருந்தால் அதில் யாரும் ஆடுவதில்லை.

பிறகு சீனியர்களிடம் கேட்க வேண்டியவை: துறைகளுக்கிடையேயான போட்டிகளை மாணவர்கள் நடத்துகிறார்களா, வருஷம் ஒரு முறையாவது வெளியில் முகாம் போகிறார்களா, அதில் சமையல் கணக்கு முதல் முதலுதவி வரை பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறார்களா, நடுவர் தேர்வு எழுத வைக்கிறார்களா, பக்கத்துப் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சிக்கு நிஜமாகவே அனுப்புகிறார்களா. ஆடிப் பதக்கம் வாங்குகிறவனுக்கு நல்ல கோச் போதும். நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டியவளுக்கு, சொதப்பினாலும் பரவாயில்லை என்று ஒரு போட்டியை முழுசாகக் கையில் கொடுக்கும் கல்லூரி வேண்டும். விடுதியையும் பாருங்கள். காலை ஐந்தரைக்கு மைதானம் என்றால் தினமும் பஸ்ஸில் வந்து போவது நடக்காது. அதனால் பெண்கள் விடுதியின் சாப்பாடும் பாதுகாப்பும் பாடத்திட்டத்துக்குச் சமமான விஷயம்.

சேர்க்கைக்குப் பெரும்பாலும் மதிப்பெண்ணோடு உடல்தகுதித் தேர்வும் விளையாட்டுச் சான்றிதழ்களும் பார்க்கிறார்கள். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துங்கள். தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள், சரிபார்ப்பில் சிக்கல் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. உடற்கல்வியும் உயர்கல்விதான், அதற்குக் கிடையாது என்று யாராவது சொன்னால் தயங்காமல் கல்லூரியின் பொறுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், இது மகளுக்கு. உன் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலிருந்து கிளம்பிய சாந்தி சௌந்தரராஜனை உனக்குத் தெரிந்திருக்கும். நீ ஓடும் அதே 800 மீட்டர்தான். 2006 தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றார், பிறகு அந்தப் பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவருக்கு நேர்ந்தது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிறகு அவர் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டு மைதானத்துக்கே திரும்பினார். ஓட்டம் ஒரு வயதோடு நிற்கும், யாரோ ஒருவர் முடிவாலும் நிற்கும். படித்து வாங்கிய தகுதியை வைத்துக்கொண்டு அவர் அதே தடத்தில் வேறு வேலையைத் தொடங்கினார். உன் அப்பா மறுபடி சிரித்தால் இதைச் சொல்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் உடற்கல்வியியல் கல்லூரிகளில் படித்தவர்கள், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள், ஊர்க் கபடிக் கமிட்டியையும் ஜல்லிக்கட்டு விழாக் குழுவையும் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இருப்பீர்கள். நீங்கள் படித்த இடத்தில் மைதானம் எப்படி இருந்தது, எதைக் கற்றுக்கொண்டீர்கள், எதைக் கற்றுத்தராமல் விட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். குறிப்பாகப் பெண்கள் எழுத வேண்டும். விண்ணப்பத் தேதிகள் முடிவதற்குள் வந்தால் அடுத்த இதழிலேயே போட்டுவிடுகிறோம். கந்தர்வக்கோட்டைக்கு ஒரு பிரதியைத் தனியாகவும் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்